உங்கள் மகள் லேபை நடத்திய வாரம்

வியாழக்கிழமை மாலை

மதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு,

உங்கள் மனைவியின் ஒரே தம்பி வணக்கத்துடன் எழுதுவது. நானும் என் மனைவியும் சுகம். அங்கே நீங்களும் அக்காவும் உங்கள் இடது முழங்காலும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம். மழை, மாடி ஒழுகல், பக்கத்து வீட்டுக்காரரின் நாய் எல்லாவற்றையும் நான் முறையாக விசாரித்ததாகவும், நீங்கள் முறையாகப் பதில் சொன்னதாகவும் வைத்துக்கொள்வோம். ஏனென்றால் இன்று எனக்கு அதற்கெல்லாம் பொறுமை இல்லை. போதாக்குறைக்கு மேஜையும் இல்லை. சிறுநீர் பிடிக்கும் டப்பாக்கள் அடைத்த ஓர் அட்டைப்பெட்டியின் மேல் தாளை வைத்து எழுதுகிறேன். அந்தப் பெட்டி எப்படி ஆஸ்பத்திரியில் என் அறைக்குள் வந்தது என்பதை அதன் முறை வரும்போது சொல்கிறேன்.

போன மாதம் நீங்கள் எழுதிய கடிதத்தில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. "வேறு ஊரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி லேபுக்குப் பொறுப்பாக வரும்படி உன் அக்கா மகளைக் கூப்பிட்டிருக்கிறார்கள். பதினோரு பேரை நடத்த வேண்டுமாம். கடையில் நின்று ஒரு டீ கேட்கக்கூட இவளுக்கு வாய் வராது. உன்னிடம்தான் படிக்கிறாள், நீ தினமும் பார்க்கிறாய். இவளால் முடியுமா, முடியாதா? சொந்தம் என்று பூசி மெழுகாதே. முடியும் என்று நீ சொன்னால் நான் குறுக்கே நிற்க மாட்டேன்" என்று எழுதியிருந்தீர்கள். முப்பத்திரண்டு வருஷம் ஒரு பஸ் டிப்போவைக் கட்டி ஆண்டு, தொண்ணூறு டிரைவர்களைக் கண்பார்வையாலேயே வண்டியில் ஏற்றியவர் நீங்கள். அப்படிப்பட்டவர் என்னிடம் அபிப்பிராயம் கேட்டது இதுதான் முதல் தடவை. அதனால் யோசித்து, நியாயமாக எழுதுகிறேன். அந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டிய மதிப்பீட்டுப் படிவத்திலும் நான்தான் கையெழுத்துப் போட வேண்டும். நாளை மாலை ஐந்து மணிக்குள் போய்ச் சேர வேண்டும். அதையும் இன்றே எழுதி முடித்துவிட்டேன். முடிவு நல்லதாக இல்லை, அத்தான். இந்தக் கடிதம் முழுக்க அவளை உங்கள் மகள் என்றே குறிப்பிடப் போகிறேன். தயவுசெய்து தவறாக நினைக்காதீர்கள்.

முதலில் நிர்வாகம் என்ற இந்தப் பாடம் எங்கிருந்து முளைத்தது என்பதைச் சொல்ல வேண்டும். லேப் படிப்புப் படிக்கும் டாக்டர்கள் மூன்று வருஷம் ரத்தத்தையும் சதையையும் கண்ணாடித் தகட்டில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறார்கள். பிறகு வெளியே போய் ஒரு லேபுக்குத் தலைவர் ஆகிறார்கள். அங்கே யாருக்கு என்றைக்கு லீவு, எந்த மருந்து தீரப் போகிறது, யார் யாரோடு சண்டை என்று ஒன்றும் புரியாமல் முழிக்கிறார்கள். ஆகவே படிக்கும்போதே நிர்வாகமும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. யார் சொல்லிக்கொடுப்பது என்ற இடத்தில் என் பதவியை எழுதியிருந்தார்கள். அத்தான், உங்களிடம் மறைப்பானேன். பத்தொன்பது வருஷமாக இந்த லேபுக்கு நான்தான் தலைவர். என் நிர்வாகம் என்னவென்றால், வெளியே குரல் உயர்ந்தால் நான் மைக்ராஸ்கோப்பில் குனிந்துகொள்வேன். மைக்ராஸ்கோப்பில் குனிந்திருப்பவரை யாரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள். கீழே கண்ணாடி வைத்திருக்கிறேனா என்று இதுவரை யாரும் எட்டிப் பார்த்ததில்லை. பல நாள் வைத்திருக்க மாட்டேன்.

இருந்தாலும் உத்தரவு உத்தரவுதானே. தலைமைப் பண்பு, காலத் திட்டம், மனித உறவு என்று எங்கெங்கிருந்தோ திரட்டி, திரையில் எண்பத்து நாலு பக்கம் ஓடவிட்டேன். பயிற்சி டாக்டர்கள் நாலு பேர். ஒருவர் தூங்கினார். ஒருவர் இது பரீட்சைக்கு வருமா என்று கேட்டார். ஒருவர் திரையை ஃபோட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். உங்கள் மகள் மட்டும் எண்பத்து நாலையும் நோட்டில் எழுதிக்கொண்டு, கடைசியில் மெல்லக் கையைத் தூக்கி, "சார், இதுல நீங்க எதெல்லாம் செய்வீங்க?" என்று கேட்டாள். மணி அடித்துவிட்டது என்று சொல்லி வகுப்பை முடித்தேன். ஆஸ்பத்திரியில் மணியே கிடையாது.

வீட்டுக்கு வந்து புலம்பியபோது என் மனைவி, "பேசி என்ன ஆகப் போகுது? ஆளுக்கு ஒரு வாரம் சாவியக் குடுத்துட்டு நீங்க ஒதுங்கி நில்லுங்க. யாருக்கு வருது வரலன்னு தானா தெரிஞ்சிடும்" என்றாள். நல்ல யோசனையாக இருந்ததால் அதை என் யோசனையாக அறிவித்தேன். முதல் வாரக்காரர் எல்லா வேலையையும் தானே செய்து நாலாம் நாள் ஜுரத்தில் படுத்தார். இரண்டாமவர் எதற்கெடுத்தாலும் ஒரு குழு அமைத்தார். மூன்றாமவர் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார். மூன்றும் எனக்குப் பழக்கமான முறைகள் என்பதால் மூன்று பேரையும் தேறியதாக எழுதினேன். நாலாவதாக இந்த வாரம் உங்கள் மகளின் முறை.

திங்கட்கிழமை காலை லீவு கடிதங்கள் வந்தன, ஒன்பது. எங்கள் லேபில் ஒரு வழக்கம் உண்டு. வார்டிலிருந்து வரும் ரத்தக் குழாயில் பெயர், தேதி, நேரம் ஒட்டியிருக்காவிட்டால், அளவு போதாவிட்டால், அதைத் தொடவே மாட்டோம். "நிராகரிக்கப்பட்டது" என்று சிவப்பு முத்திரை குத்தி, காரணம் எழுதித் திருப்பிவிடுவோம். உங்கள் மகள் அதே முத்திரையை எடுத்து லீவு கடிதங்களில் குத்த ஆரம்பித்தாள். "உடம்பு சரியில்லை" என்று எழுதியவருக்கு, "காரணம் போதுமான அளவு இல்லை, புதிதாக ஒன்று அனுப்பவும்." தேதி போடாதவருக்கு, "எப்போது எடுக்கப்பட்டது என்று தெரியவில்லை." ஒன்பதில் ஏழு திரும்பிப் போயின. அதில் வெறுத்துப்போன ஒருவர், இரண்டாவது கடிதத்தை மாதிரி அனுப்பும் பிளாஸ்டிக் பையில் போட்டு, பார்கோடு ஒட்டி, குழாய்களோடு சேர்த்து வைத்துவிட்டார். கம்ப்யூட்டர் அதையும் ரத்தம் என்று பதிவு செய்துகொண்டது. அன்று முழுக்க, "முடிவு நிலுவையில்" என்று திரையில் அவருடைய லீவு மின்னிக்கொண்டே இருந்தது. நான் உடனே மைக்ராஸ்கோப்பில் குனிந்துகொண்டேன்.

செவ்வாய்க்கிழமை புகார் நாள். அறுவை சிகிச்சை டாக்டர் ஒருவர் இருக்கிறார், திறமைசாலி, ஆனால் வாயைத் திறந்தால் கட்டடம் அதிரும். ரிப்போர்ட் இருபது நிமிஷம் தாமதம் என்று ஃபோனில் வந்தார். எங்கள் இன்னொரு வழக்கத்தையும் சொல்ல வேண்டும். நோயாளிக்கு ஆபத்தான அளவு ஏதாவது வந்தால் வார்டுக்கு ஃபோன் செய்வோம். கேட்டவர் கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால்தான் ஃபோனை வைப்போம், நேரத்தையும் குறித்துக்கொள்வோம். உங்கள் மகள் அந்த மனுஷர் கத்தியதை முழுக்கக் கேட்டுவிட்டு, அவளுடைய அந்தச் சன்னக் குரலில், "நீங்க சொன்னதத் திருப்பிச் சொல்றேன், சரியான்னு பாருங்க டாக்டர். லேப்ல எல்லாரும் தூங்கறீங்களா. இதுக்கு ஒரு தலைவர் வேற இருக்கார், அவர் உயிரோட இருக்காரா. நேரம் பத்து இருபத்திரண்டு. வேற ஏதாவது சேக்கணுமா?" என்றாள். மறுமுனையில் ஃபோனை டொக்கென்று வைத்துவிட்டார். ஐந்தாவது நிமிஷம் மனுஷர் பச்சை அங்கியோடு நேரிலேயே வந்துவிட்டார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. உட்கார வேறு இடம் இல்லாததால் ரத்தம் எடுக்கும் நாற்காலியில் உட்கார்ந்தார். புதிதாக வந்த நர்ஸுக்கு அவரைத் தெரியாது. "சாப்பிட்டு வந்தீங்களா, வெறும் வயிறா?" என்று கேட்டுக்கொண்டே புஜத்தில் பட்டையைக் கட்டிவிட்டாள். மீதியை நான் பார்க்கவில்லை. மைக்ராஸ்கோப்பில் இருந்தேன்.

புதன்கிழமை சரக்கு இருப்பு எடுக்க வேண்டும். ரத்த அணுக்களை எண்ணும்போது நாங்கள் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருக்க மாட்டோம். கண்ணாடியில் கோடு போட்ட கட்டங்கள் இருக்கும். நாலு மூலைக் கட்டங்களை எண்ணிப் பெருக்கினால் மொத்தக் கணக்கு வந்துவிடும். உங்கள் மகள் சரக்கு அறையிலும் நாலு மூலை அலமாரிகளை எண்ணிப் பெருக்கினாள். அணுக்கள் எல்லா இடத்திலும் சமமாகப் பரவியிருக்கும், அத்தான். சிறுநீர் டப்பாக்கள் அப்படிப் பரவாது. அவை நடு அலமாரியில் மலைபோல் இருந்தன. மூலைகளில் ஒன்றுகூட இல்லை. பூஜ்யத்தை எதால் பெருக்கினாலும் பூஜ்யம்தானே. அவசரம் என்று எழுதி ஆர்டர் போட்டாள். இன்று காலை இருபத்தாறு பெட்டிகள் வந்து இறங்கின. சரக்கு அறையில் இடமில்லை. லேபிலேயே சும்மா கிடக்கும் இடம் எது என்று ஊழியர்கள் கலந்து பேசி, ஒருமனதாக என் அறையைத் தேர்ந்தெடுத்தார்கள். மேஜையைச் சுவரோரம் தள்ளி, பெட்டிகளை அடுக்கிவிட்டார்கள். என் அறைக் கதவை இப்போது சாத்த முடியாது.

இதையெல்லாம்கூட மன்னித்திருப்பேன். இன்று மத்தியானம் நடந்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

எங்கள் லேபில் இரண்டு தூண்கள். ரத்தப் பிரிவில் மூத்த டெக்னீஷியன், இருபத்தேழு வருஷ சர்வீஸ், எல்லாரும் மேஸ்திரி என்பார்கள். சர்க்கரை, உப்பு எல்லாம் பார்க்கும் பிரிவில் ஓர் அம்மாள், எல்லாரையும் திருத்துவதால் டீச்சர் என்று பெயர். இரண்டு பேருக்கும் ஏழாம் பொருத்தம். நடுவில் இருப்பது ஒரே ஒரு ஃப்ரிட்ஜ். நாலு வருஷத்துக்கு முன் மேஸ்திரியின் சோதனை ரத்தக் குழாய்களை டீச்சர் ஃப்ரிட்ஜிலிருந்து வெளியே எடுத்து வைத்து, எல்லாம் கெட்டுப்போனது. அன்றிலிருந்து முகம் பார்த்து ஒரு வார்த்தை கிடையாது. எது சொல்வதானாலும் துண்டுச் சீட்டில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுவார்கள். "மேல் தட்டு யாருடைய அப்பன் சொத்தும் அல்ல." "கதவைச் சாத்தக் கை வலிக்கிறதா." ஃப்ரிட்ஜ் என்ன நிறம் என்பதே எங்களுக்கு மறந்துபோய்விட்டது. லேபும் ஒரு மாதிரி ஓடிக்கொண்டுதான் இருந்தது. நானும் அதைக் கிளறாமல் விட்டிருந்தேன்.

உங்கள் மகள் இருவரையும் மற்றவர்களையும் கூட்டத்துக்கு அழைத்தாள். இருபது நிமிஷக் கூட்டம். அதற்கு ஒரு விதி போட்டாள். யாரும் தன் பேச்சைத் தொடங்கும் முன், தனக்கு முன் பேசியவர் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னவர், "ஆமாம், அதுதான்" என்று ஒத்துக்கொள்ள வேண்டும். அதன் பிறகுதான் தன் பேச்சு. நான் பத்து நிமிஷம் இருந்தேன். "டீச்சர் சொன்னத திருப்பிச் சொல்ல எனக்கு என்ன தலையெழுத்தா?" என்று மேஸ்திரி எழுந்தார். "நான் சொன்னத அவரு என்னைக்குக் கேட்டாரு, திருப்பிச் சொல்ல?" என்று டீச்சர் எழுந்தார். நானும் எழுந்து என் அறைக்கு வந்துவிட்டேன். இருபது நிமிஷம் போய் இரண்டே முக்கால் மணி நேரம் ஆனது. கதவைச் சாத்தவும் முடியாமல், பெட்டிகளுக்குப் பின்னால் போய்விட்ட மைக்ராஸ்கோப்பில் குனியவும் முடியாமல், கண்ணாடிச் சுவர் வழியாகப் பார்த்தேன். மேஸ்திரி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். இருபத்தேழு வருஷ சர்வீஸ்காரர், அத்தான். வெட்டுப்பட்டாலும் முகம் சுளிக்காத மனுஷர். உங்கள் மகள் எதிரே உட்கார்ந்து, அதையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டிருந்தாள்.

அதற்குமேல் நான் என்ன செய்வேன்? படிவத்தை எடுத்தேன். திட்டமிடுதல், சரக்கு, புகார், கூட்டம், ஊழியர் உறவு என்று எல்லாக் கட்டத்திலும் "போதாது" என்று எழுதினேன். கடைசிக் கட்டத்தில் எழுதும்போது எனக்கே வருத்தமாக இருந்தது. அவளைத் தூக்கி வளர்த்தவன் நான். ஆனாலும் நீங்கள் பூசி மெழுகாதே என்றீர்கள். உங்கள் மகள் அருமையான லேப் டாக்டர். மைக்ராஸ்கோப்பில் அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது. பதினோரு பேரை நடத்துவது அவளுக்கு ஆகாத வேலை. நீங்கள் சொன்னதுதான் சரி. டீக்கடைக் கணிப்பிலேயே அதைக் கண்டுபிடித்துவிட்டீர்கள்.

அக்காவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். அவள் என்னைத் திட்டுவதை எழுத்தில் அனுப்பினால் நல்லது. முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் விடாமல் கொடுங்கள். பெரியவராகிய உங்கள் வாழ்த்து எங்கள் இருவருக்கும் என்றும் வேண்டும்.

பணிவன்புடன்,
உங்கள் மைத்துனன்

பின்குறிப்பு: வெள்ளிக்கிழமை, மத்தியானம் மூன்றரை மணி.

அத்தான், நேற்று வீட்டுக்கு வந்து நான் உறை தேடப் போன நேரத்தில் என் மனைவி மேலே இருப்பதை முழுக்கப் படித்துவிட்டாள். "ஒருத்தருக்கு சர்க்கரை அளவு நம்ப முடியாத மாதிரி வந்தா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டாள். திரும்பச் செய்து பார்ப்போம் என்றேன். "மெஷினயும் சரி பாப்பீங்களா?" முதலில் அதைத்தான் பார்ப்போம் என்றேன். "அப்ப இதையும் திரும்பப் பண்ணிப் பாத்துட்டு அனுப்புங்க. மெஷினயும் பாத்துடுங்க" என்று என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

இன்று காலை லேபுக்குப் போனேன். ஃப்ரிட்ஜ் இளம் நீல நிறம். கதவில் ஒரு சீட்டுகூட இல்லை. அதன் முன்னால் மேஸ்திரியும் டீச்சரும் நின்று, எந்தத் தட்டு யாருக்கு என்று பேசிக்கொண்டிருந்தார்கள், வாயால். நான் மேஸ்திரியைத் தனியே அழைத்து, நேற்று ஏன் அழுதீர்கள் என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அன்னைக்கு ஃப்ரிட்ஜ் ரிப்பேர் ஆயிடுச்சாம் சார். ரெண்டு பேரோட குழாயையும் வேற இடத்துக்கு மாத்தத்தான் டீச்சர் வெளிய எடுத்திருக்காங்க. என்னோடதுல எதை எந்தக் குளிர்ல வைக்கணும்னு கேக்க என்னத் தேடி ரெண்டு மாடி ஏறி இறங்கியிருக்காங்க. நான் எங்க இருந்தேன்னு யாருக்கும் தெரியல. என் வீட்டுக்காரிக்கு மேல் மாடியில ஆபரேஷன் நடந்துட்டிருந்தது. நான் யார்கிட்டயும் சொல்லல. நேத்து டீச்சர் இதையெல்லாம் திருப்பிச் சொன்னாங்க பாருங்க, 'உங்க வீட்டுக்காரம்மாவுக்கு ஆபரேஷன், நீங்க வெளிய தனியா நின்னுட்டிருந்தீங்க'ன்னு. அதக் கேட்டதும் தாங்கல சார்."

யாரிடமாவது சொல்லிவிட்டுப் போயிருக்கக் கூடாதா என்று கேட்டேன்.

"உங்ககிட்ட சொல்லத்தான் வந்தேன் சார். வாசல்ல கொஞ்ச நேரம் நின்னேன். நீங்க மைக்ராஸ்கோப்ல இருந்தீங்க."

அத்தான், மெஷினைச் சரிபார்த்தாகிவிட்டது. பழுது அதில்தான். நாலு வருஷம். கண்ணாடியே வைக்காத மைக்ராஸ்கோப்.

மீதியையும் சொல்லிவிடுகிறேன். திருப்பி அனுப்பிய ஏழு லீவு கடிதங்களும் உண்மையான காரணத்தோடு மறுபடி வந்தன. "உடம்பு சரியில்லை" என்றவர் மகனைப் பள்ளியில் சேர்க்கப் போக வேண்டியிருந்ததாம். யாருக்கு எது அவசரம் என்று தெரிந்ததால், ஒருவருக்கொருவர் நாளை மாற்றிக்கொண்டு அடுத்த மாத அட்டவணையை அவர்களே போட்டுவிட்டார்கள். ஒரு நாள்கூட ஆள் குறையவில்லை. பத்து மணிக்கு அறுவை சிகிச்சை டாக்டர் ஃபோன் செய்தார். நான் எடுத்ததும், "நீங்க வேண்டாம், அந்தத் திருப்பிச் சொல்ற டாக்டரக் கூப்பிடுங்க. அவங்கதான் நான் சொல்றதக் கேக்கறாங்க" என்றார். டப்பாக்கள் விஷயத்தில் மட்டும் அவள் செய்தது சுத்தத் தப்பு. அதை அவளே ஊழியர்கள் எல்லார் முன்னாலும் ஒத்துக்கொண்டு, பெட்டிகளைத் திருப்பி எடுக்கச் சொல்லிக் கடிதம் எழுதிவிட்டாள். திங்கட்கிழமை வண்டி வருகிறது. இரண்டு பெட்டியைக் கதவோரம் விட்டுவைக்கும்படி நான்தான் சொல்லியிருக்கிறேன். அறைக் கதவு சாத்தாமல் இருப்பது எனக்கு நல்லது.

பழைய படிவத்தைக் கிழிக்கவில்லை. தப்பாக எழுதிய எதையும் லேபில் கிழிக்கவும் கூடாது, அழிக்கவும் கூடாது. கீழே இருப்பது தெரியும்படி ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுத வேண்டும். அப்படியே சரக்கைத் தவிர எல்லாக் கட்டத்திலும் "மிக நன்று" என்று எழுதினேன். இந்தக் கடிதத்தையும் அதனால்தான் முழுசாக அனுப்புகிறேன். மேலே உள்ள எல்லாப் பக்கத்திலும் குறுக்கே ஓடும் கோடு என் பேனா கசிந்ததல்ல.

படிவத்தை நானே கொண்டுபோய்ப் பெருமையாக அவளிடம் நீட்டினேன். வாங்கினாள், மேலிருந்து கீழே படித்தாள், கண் கலங்கினாள். பிறகு மேஜையிலிருந்த சிவப்பு முத்திரையை எடுத்துக் குத்தி என்னிடமே திருப்பிக் கொடுத்தாள். "திருத்தின இடத்துல எல்லாம் கையெழுத்து, தேதி, நேரம் போடல மாமா. புதுசா ஒண்ணு எழுதிக் குடுங்க." எழுதிக் கொடுத்தேன். ஸ்கேன் செய்து மெயிலில் அனுப்புகிறோம், அஞ்சு மணிக்குள் போய்விடும்.

ஆக, அத்தான், என் பதில்: முடியும். நீங்கள் குறுக்கே நிற்க மாட்டேன் என்றீர்கள். ஒதுங்கி நின்றால் மட்டும் போதாது. நானும் பத்தொன்பது வருஷம் ஒதுங்கித்தான் நின்றேன். இதைப் படித்து முடித்ததும் நம் பெண்ணுக்கு ஒரு ஃபோன் போட்டு, "உன்னால முடியும்மா, போய்ட்டு வா" என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். சொன்னதும் ஃபோனை வைத்துவிடாதீர்கள். அவள் அதைத் திருப்பிச் சொல்வாள். முழுக்கச் சொல்லி முடிக்கக் கொஞ்சம் நேரம் ஆகலாம். காத்திருந்து, "ஆமாம், அதுதான்" என்று சொல்லிவிட்டு வையுங்கள்.